பண் தந்தவள் பெயர்
தில்லைப் பாட்டை நேசிக்கும் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்



ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் சிதம்பரம் வந்து, தேரோடும் நான்கு வீதிகளிலும் நின்று கேட்டும், ஊர் திரும்பிய பிறகு ஒலிப்பதிவுகளில் மீண்டும் மீண்டும் கேட்டும், முத்துத் தாண்டவரையும் மாரிமுத்தாப் பிள்ளையையும் கோபாலகிருஷ்ண பாரதியையும் வள்ளலாரையும் நெஞ்சில் வைத்துப் போற்றுகிறவர்கள் நீங்கள். இந்தப் பாடல்கள் பிறந்த மண்ணின்மீது உங்களுக்குள்ள பற்றில் ஐயமில்லை. சீர்காழிக்கும் தில்லைவிடங்கனுக்கும் ஆனந்ததாண்டவபுரத்துக்கும் வடலூருக்கும் வழி கேட்டுப் போய்வருகிறவர்கள் உங்களில் பலர் உண்டு. ஆயினும் அந்தப் பற்று, பெயர் தெரிந்த புலவர்களின் வாசலோடு நின்றுவிடுகிறது. அப்புலவர்கள் எவரிடமிருந்து மெட்டையும் தாளக்கட்டையும் பெற்றார்களோ அவர்களுடைய தெருவரை அது போவதில்லை. இந்தக் குறையை உங்களிடம் நேரில் சொல்லவே இம்மடல் எழுதப்படுகிறது.

திருவாசகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தில்லையில் அருளியவை என்று குறிக்கப்படும் பதிகங்களுள் திருப்பொற்சுண்ணம், திருக்கோத்தும்பி, திருத்தெள்ளேணம், திருச்சாழல், திருப்பூவல்லி, திருவுந்தியார், திருத்தோணோக்கம், திருப்பொன்னூசல் ஆகியவை அடங்கும். பொற்சுண்ணம் என்பது நீராட்டுக்குரிய நறுமணப் பொடியை உரலிலிட்டு, உலக்கை மாற்றி இடிக்கும் பெண்கள் பாடுவது, பூவல்லி பூக்கொய்யும்போது பாடுவது, சாழல் இருவர் எதிரெதிர் நின்று ஒருத்தி கேட்க மற்றவள் விடை சொல்லும் விளையாட்டு, உந்தியும் தோணோக்கமும் ஆடிக்கொண்டே பாடும் மகளிர் ஆட்டங்கள், பொன்னூசல் ஊஞ்சற்பாட்டு. மாணிக்கவாசகர் இவற்றைப் புதிதாகப் படைத்தார் என்று எவரும் சொல்வதில்லை. முற்றத்திலும் தோட்டத்திலும் வழங்கிவந்த பாட்டு வடிவங்களை அவர் எடுத்துக்கொண்டு, அவற்றுக்குள் தில்லைக் கூத்தனை எழுந்தருளச் செய்தார். உலக்கை ஏறி இறங்கும் அளவே அந்தப் பதிகத்தின் தாளம் என்றால், அந்த உலக்கையைப் பிடித்திருந்த கைகளுக்கும் அப்பதிகத்தில் பங்கு இல்லையா என்ற கேள்வி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விடையின்றிக் கிடக்கிறது.

இதைவிடக் கூர்மையான சான்று ஒன்று உங்கள் கண்முன்னே இருக்கிறது. மூவர் தேவாரத்தைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பி, காட்டுமன்னார்கோயிலுக்கு அருகிலுள்ள திருநாரையூரைச் சேர்ந்தவர். நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்து இசைப்படுத்திய நாதமுனிகள் காட்டுமன்னார்கோயிலிலேயே பிறந்தவர். தமிழ்ப் பக்தி இசையின் இரு பெருந்தொகுப்பாளர்களும் இன்றைய கடலூர் மாவட்டத்தின் ஒரே வட்டாரத்து மனிதர்கள் என்பது, தொகுத்தல் என்ற பணி இந்த மண்ணுக்கு எவ்வளவு நெருங்கியது என்று காட்டும். தில்லைக் கோயிலின் அறையொன்றில் கறையான் அரித்துக்கிடந்த ஏடுகளிலிருந்து எஞ்சிய பதிகங்களை மீட்ட பிறகு, அவற்றை எந்தப் பண்ணில் பாடுவது என்று எவருக்கும் தெரியாமற்போனது என்றும், அப்போது திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் வந்த பெண் ஒருத்தி எருக்கத்தம்புலியூரில் இருப்பதறிந்து, அவளைக் கொண்டே பண்கள் வகுக்கப்பட்டன என்றும் திருமுறை கண்ட புராணம் கூறும். பண் என்பது ஒரு பாட்டின் சுரங்கள் நடக்க வேண்டிய வழி. பிற்காலத்து இராகத்தின் முன்னோடி. பாணர் என்போர் யாழுடன் ஊர் ஊராகச் சென்று பாடிய தொல்குடியினர். பிற்காலத்தில் தாழ்த்தப்பட்டவர்களாக ஒதுக்கப்பட்டவர்கள். எருக்கத்தம்புலியூர் இன்று இராஜேந்திரப்பட்டினம் என்ற பெயரோடு விருத்தாசலம் பக்கத்தில் இருக்கிறது. ஏட்டை மீட்டவர் பெயர் நிலைத்தது. நாதமுனிகளோடு சேர்ந்து பாடிய மருமக்கள் மேலையகத்தாழ்வான், கீழையகத்தாழ்வான் என்று பெயரோடு நினைக்கப்படுகிறார்கள். தேவாரம் முழுமைக்கும் பண் தந்த அந்தப் பாணர் குலத்துப் பெண்ணுக்கு மட்டும் பெயர் இல்லை. இது புராணச் செய்திதான், வரலாற்று ஆவணம் அன்று எனலாம். ஆனால் ஒரு சமூகம் தன் நன்றியைக் கதையாகச் சொல்லும்போதுகூட அவள் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை என்பது, ஆவணத்தைக் காட்டிலும் தெளிவான சாட்சி.

உங்களில் பெரும்பாலோர் மிகுதியாக நேசிக்கும், வயலில் உழைத்தபடி தில்லையைக் காண ஏங்கிய தாழ்த்தப்பட்ட குலத்து அடியாரின் கதையான நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்கு வருவோம். நாகப்பட்டினத்துக்கு அருகிலுள்ள நரிமணத்தில் பிறந்து, ஆனந்ததாண்டவபுரத்திலும் மாயூரத்திலும் வாழ்ந்து, 1896இல் மறைந்த கோபாலகிருஷ்ண பாரதி அதை இயற்றினார். காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவோடு அது அச்சேறியது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அந்நூலுக்குச் சிறப்புப் பாயிரம், அதாவது நூலையும் ஆசிரியரையும் போற்றும் முன்னுரைச் செய்யுள், தரத் தயங்கினார் என்பதையும், இலக்கணப் பிழைகளும் பெரியபுராணத்திலிருந்து விலகிய கதைப்போக்கும் அத்தயக்கத்துக்குக் காரணங்கள் என்பதையும், பாரதியே பாடக் கேட்டபின் அவர் மனம் இளகியது என்பதையும் உ.வே. சாமிநாதையர் எழுதிவைத்திருக்கிறார். புலவர் பிழையென்று கண்டவற்றுள் பெரும்பகுதி பேச்சுமொழியின் வரவு. வயலில் வேலை செய்கிறவனும் பண்ணையாரும் எதிரெதிர் நின்று பேசும் ஒரு கதையை அந்தப் பேச்சை விலக்கிவிட்டுப் பாடியிருந்தால், அந்தப் பாட்டு மாயூரத்துத் திண்ணையைத் தாண்டியிருக்காது. பாரதி எடுத்தாண்ட நொண்டிச் சிந்து, நொண்டி நாடகம் என்னும் நாட்டுக்கூத்தில் காலிழந்த பாத்திரம் துள்ளித் துள்ளிப் பாடுவதற்கென்று அமைந்த தாளக்கட்டு. கூத்தாடிகளின் கால்களிலிருந்து ஏட்டுக்கு ஏறியது. அதே சிந்தைத்தான் பின்னர் சுப்பிரமணிய பாரதி பாஞ்சாலி சபதத்துக்கு எடுத்துக்கொண்டார். கச்சேரி மேடைகளில் நந்தனார் சரித்திரத்திலிருந்து இராகம் துலங்கும் சில கீர்த்தனைகள் மட்டும் பாடப்படுவதும், சிந்துகளும் கண்ணிகளும் கைவிடப்படுவதும் உங்கள் கைதட்டல் எங்கே விழுகிறது என்பதோடு தொடர்புடைய செய்தி என்பதை நீங்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

அக்கதையில் நாற்பது வேலி நிலத்தின் சாகுபடியை முடித்தால்தான் தில்லைக்குப் போகலாம் என்று வேதியர் கட்டளையிடுவதும், பூதகணங்கள் ஓரிரவில் அதை முடித்துத் தருவதும் உங்கள் விழிகளை நனைக்கும் இடம். அந்த வேதியர் பெரியபுராணத்தில் இல்லாதவர். கோபாலகிருஷ்ண பாரதி தம் காலத்துப் பண்ணைகளைப் பார்த்துப் படைத்துக்கொண்ட பாத்திரம். வேலி என்பது ஏறத்தாழ ஆறேமுக்கால் ஏக்கர். நாற்பது வேலி என்றால் ஏறக்குறைய 270 ஏக்கர். கதைக்கு வெளியே, கொள்ளிடத்தின் வடகரையில், அப்படிப்பட்ட பரப்பை நட்டு முடித்தவர்கள் பூதகணங்கள் அல்லர். முழங்கால் சேற்றில் வரிசையாகக் குனிந்து நின்று, ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடி, பாட்டின் வேகத்துக்குக் கை நாற்றை ஊன்ற, பொழுது சாய்வதற்குள் வயலைப் பச்சையாக்கிவிட்டுக் கரையேறிய பெண்கள் அவர்கள். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் இன்னொரு செய்தியையும் சொல்கிறார்: திருநாளைப்போவார் எனப்படும் ஆதனூர் நந்தனார் சிவன் கோயில்களின் பேரிகைகளுக்குப் போர்வைத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்துவந்தார். கோயிலுக்குள் ஒலித்த இசைக்கு உடம்பைக் கொடுத்தவர் கோயிலுக்கு வெளியே நின்றார் என்பதற்கு மேல் இம்மடலின் வாதத்துக்கு வேறு சான்று தேவையில்லை.

1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த படத்துக்கு அந்நாளில் ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார் என்பதை உங்கள் முன்னோர் வியந்து பேசினர், 1942இல் எம்.எம். தண்டபாணி தேசிகர் ஜெமினியின் படத்தில் அதே வேடம் ஏற்றார்; பின்னாளில் அவரே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைமை வகித்தார். இப்படி நந்தன் பாட்டு தமிழ்நாட்டின் வீடுகள்தோறும் ஒலித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், நந்தனின் மக்களுக்குக் கோயில் கதவு திறக்கவில்லை; 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் வரவேண்டியிருந்தது. பாட்டின்மீது கொண்ட காதல் தானாகப் பாட்டுக்குரியவர்மீது காதலாக மாறிவிடாது என்பதை இந்த இடைவெளி காட்டுகிறது. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக்கூடம் தொடங்கியது இந்த இடைவெளியை அறிந்துதான். கோயிலின் பொன் கூரையைக் கண்டு திரும்பும் நீங்கள், நந்தனார் தீப்புகுந்த இடமென்று ஊரார் காட்டும் ஓமக்குளத்தையும் அப்பள்ளியையும் பார்க்காமல் பேருந்து ஏறிவிடுகிறீர்கள்.

வள்ளலாரும் நடேசர் கொம்மி, சண்முகர் கொம்மி என்று பெண்கள் வட்டமாகக் கைகொட்டி ஆடும் கும்மியின் வடிவிலும், பந்தாடல் போன்ற விளையாட்டுப் பாட்டின் வடிவிலும் பாடியிருக்கிறார். மருதூரில் பிறந்து, கருங்குழியிலும் வடலூரிலும் உழைக்கும் மக்களின் நடுவே வாழ்ந்தவருக்கு அவை எளிதில் கிடைத்தன.

புலவர்கள் இக்கடனை மறுத்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைக் கடந்தவுடன் கைதாகிக் கடலூர்ச் சிறையில் சில வாரங்கள் அடைபட்டிருந்த சுப்பிரமணிய பாரதி, தம் குயில் பாட்டில் தம் மனத்தைப் பறிகொடுத்த ஓசைகளைப் பட்டியலிடும்போது ஏற்றம் இறைப்பவர் பாட்டையும், நெல்லும் சுண்ணமும் இடிக்கும் பெண்களின் பாட்டையும், பண்ணைப் பெண்களின் பாட்டையும் ஆசையோடு சேர்க்கிறார். கவிஞர் கேட்டார், கேட்டதைச் சொன்னார். கவிஞரைப் படிக்கும் நீங்கள் அவர் கேட்ட திசையில் காதைத் திருப்பவில்லை.

அந்தத் திசையின் இன்றைய நிலை கவலைக்குரியது. வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்துக்கும் இடையே கிடக்கும் இந்நிலம் காவிரியின் கடைமடை, அதாவது வாய்க்கால் நீர் கடைசியாக வந்துசேரும் பகுதி. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வரும் நீரைத் தேக்கும் வீராணம் ஏரி, சோழர் வெட்டியது. பொன்னியின் செல்வனைப் படித்துவிட்டு அதன் கரையைப் பார்க்க வருகிறவர்கள் இன்றும் உண்டு. 2004 முதல் அது சென்னைக்கும் குடிநீர் தருகிறது. அதே ஏரிப் பாசனத்தில் இன்று நாற்றங்கால் விடாமல் விதையை நேரே வயலில் தெளிக்கும் நேரடி விதைப்பு பரவிவிட்டது. நடுகிற வயல்களிலும் நடவு இயந்திரம் இறங்குகிறது. அறுப்புக்கு அறுவடை இயந்திரம் வருகிறது. களையெடுப்பைக் களைக்கொல்லி எடுத்துக்கொண்டது. ஏற்றம் போன அன்றே ஏற்றப்பாட்டு போயிற்று. கடற்கரையில் கரைவலையைப் பலர் சேர்ந்து இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டு, இயந்திரப் படகின் இரைச்சலில் அமிழ்ந்தது. இம்மாற்றங்களைப் பழிப்பது இம்மடலின் நோக்கமன்று. குனிந்த முதுகு நிமிர்வதை எவரும் தடுக்கக் கூடாது, பாட்டைக் காப்பதற்காக ஒரு பெண் சேற்றில் நிற்க வேண்டும் என்று கேட்பது கொடுமை. வேலை ஓயலாம், ஓயட்டும். வேலையோடு பிறந்த பாட்டு எவர் நினைவில் இருக்கிறதோ அவரும் முதுமையில் இருக்கிறார் என்பதே இங்குள்ள அவசரம். தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரம் சிதம்பரம் நகருக்குள் இன்று காடாக இல்லை. பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு செய்யும் அம்மரத்தைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காட்டுக்குப் போக வேண்டும். மரத்துக்காவது ஒதுங்க ஓர் உப்பங்கழி கிடைத்தது. நடவுப் பாட்டுக்கு அப்படி ஒதுங்கும் இடம், பாடியவரின் நினைவைத் தவிர வேறில்லை.

நாட்டார் பாடல்கள் முன்பே தொகுக்கப்பட்டுவிட்டனவே என்று நீங்கள் கேட்கக்கூடும். பெர்சி மாக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டியவற்றைக் கி.வா. ஜகந்நாதன் மலையருவி என்ற பெயரில் பதிப்பித்தார், நா. வானமாமலை தமிழர் நாட்டுப் பாடல்களை 1960களில் வெளியிட்டு ஒரு தலைமுறை ஆய்வாளர்களை உருவாக்கினார். இப்பணிகள் இல்லாவிட்டால் இன்று பேசுவதற்கே பொருள் இருந்திராது. ஆயினும் அப்பழைய தொகுப்புகளில் திரட்டியவரின் பெயரும் ஊரின் பெயரும் கிடைக்குமளவுக்குப் பாடியவரின் பெயர் கிடைப்பதில்லை. நாட்டுப்பாட்டுக்கு ஆசிரியர் இல்லை, அது மக்கள் அனைவரின் சொத்து என்ற கொள்கை இதற்குக் காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. அக்கொள்கை பாதி உண்மை. மெட்டு பொதுவாக இருக்கலாம். ஆனால் அன்றன்றைய வயலுக்கும் கூலிக்கும் துக்கத்துக்கும் ஏற்ப அடிகளைக் கட்டிச் சேர்த்தவள் ஒருத்தி இருந்தாள், அவளைப் போல் கட்டப் பக்கத்து ஊரில் ஆளில்லை என்று அக்கம்பக்கம் அறிந்திருந்தது. ஒப்பாரிக்கு இன்னாரைக் கூட்டிவாருங்கள் என்று ஊரார் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். பெயரில்லாமல் போவது பாட்டின் இயல்பால் அன்று, கேட்டு எழுதியவரின் பழக்கத்தால்.

வங்கத்தில் இது வேறுவிதமாக நிகழ்ந்தது. இரவீந்திரநாத் தாகூர் 1905இல் இயற்றி, இன்று வங்கதேசத்தின் நாட்டுப்பண்ணாக விளங்கும் பாடலின் மெட்டு, சிலைதகா என்ற ஊரின் பக்கத்தில் கடிதம் சுமந்து நடந்த ககன் ஹர்கரா என்ற அஞ்சல்காரர் பாடிய பவுல் பாட்டின் மெட்டு. பவுல் என்போர் ஊர்சுற்றிப் பாடும் வங்கத்து ஞானப் பாடகர்கள். தாகூர் அந்த அஞ்சல்காரரைக் குறித்துத் தம் எழுத்தில் பேசினார். அதனால் ஒரு நாட்டின் பண்ணைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்த எளிய மனிதரின் பெயரும் உடன் வருகிறது. தாகூரின் புகழ் இதனால் ஓரணுவும் குறையவில்லை. ஹங்கேரியில் இசையமைப்பாளர் பேலா பார்தோக் ஒலிப்பதிவுக் கருவியோடு கிராமங்களில் நடந்து, பாடியவரின் பெயரையும் வயதையும் ஊரையும் சேர்த்தே குறித்துவைத்தார். அங்கே செய்யக்கூடியதாக இருந்தது, திருநாரையூர் நம்பியும் நாதமுனிகளும் பிறந்த வட்டாரத்தில் செய்யக்கூடாததாக இருக்க முடியாது.

ஆகவே உங்களிடம் வைக்கும் வேண்டுகோள் இது. அடுத்த ஆனிக்கோ மார்கழிக்கோ சிதம்பரம் வரும்போது ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ளுங்கள். அந்த நாளைக் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் கழிக்காமல், காட்டுமன்னார்கோயில், குமராட்சி, புவனகிரி, கிள்ளை, தேவனாம்பட்டினம் என்று ஏதாவதொரு பக்கம் போங்கள். குடியிருப்பின் பெரியவர்களிடம் முதலில் அனுமதி கேளுங்கள். நடவுக்குப் பாடிய கிழவி யார், கூத்தில் கட்டியங்காரனாக நின்றவர் யார், கரைவலைக்கு அம்பா எடுத்தவர் யார் என்று விசாரியுங்கள். பாடுகிறவருக்கு ஒரு நாள் கூலிக்குக் குறையாத தொகையைப் பாடத் தொடங்கும் முன்பே கொடுங்கள். உங்கள் கையிலுள்ள செல்பேசியே ஒலிப்பதிவுக்குப் போதும். ஆனால் பதிவின் தொடக்கத்தில் பாடுகிறவர் தம் பெயரையும் ஊரையும், அந்தப் பாட்டை யாரிடம் கேட்டுக் கற்றார் என்பதையும் தம் வாயாலேயே சொல்லட்டும். பதிவின் ஒரு படியை அவர் வீட்டிலேயே, பேரப்பிள்ளைகள் கேட்கும்படி விட்டுவாருங்கள். இன்னொன்றை நூலகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ கொடுங்கள். அவர் பொதுவில் வேண்டாம் என்று சொல்லும் பாட்டை எங்கும் பரப்பாதீர்கள்.

உங்களில் பாடகர்களாக இருப்பவர்கள் நந்தனார் சரித்திரத்தின் சிந்துகளை மீண்டும் மேடைக்குக் கொண்டுவர வேண்டும். அந்த நடையைக் கூத்துக்கலைஞர் ஒருவரிடம் கற்றுக்கொண்டால், இன்னாரிடம் கற்றது என்று கச்சேரியில் பெயர் சொல்ல வேண்டும். சபாக்களை நடத்துகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அக்கலைஞரையே அதே மேடையில், அதே ஊதியத்தோடு உட்காரவைக்க வேண்டும். 1941இல் தமிழிசை மாநாடு கூடிய சிதம்பரத்தில் இக்கோரிக்கையை எழுப்புவது பொருத்தமே. தமிழில் பாடுங்கள் என்று அன்று கேட்டவர்களின் அடுத்த தலைமுறையினர், அந்தத் தமிழையும் தாளத்தையும் தந்தவர்களைப் பெயர் சொல்லி அழையுங்கள் என்று கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணின் பெயரை இனி எவராலும் மீட்க முடியாது. இன்று வீராணத்தின் கரையில் ஏதோ ஒரு திண்ணையில், எழுபது வயதைத் தாண்டிய ஒருத்தி, தன் தாயிடம் கேட்ட நடவுப் பாட்டைத் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் போய் முதலில் பெயரைக் கேளுங்கள். பாட்டைப் பிறகு கேட்கலாம்.